கூப்பிட்டால் திரும்பக் கூடாது

சாவிப் பை பாதி தூரம் இறங்கியிருந்தது. கீழே யாரோ "கட்!" என்று அலறினார்கள்.

அடுப்புக்காரர் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். இரண்டாம் மாடி பால்கனிக்கும் தெருவுக்கும் நடுவில் நீலத் துணிப்பை ஆடிக்கொண்டிருந்தது. தெருவில் நின்ற அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர், பெரிய குடை பிடித்தவர், பவுடர் ஒற்றுகிறவள், எதிர்வீட்டுப் பால்கனியில் வெள்ளை மீசை ஒட்டிக்கொண்டு நின்ற நடிகர், எல்லாரும். தெரு நடுவில் தோள்பையோடு ஒரு பெண் நின்றாள். அவளும் பார்த்தாள். அவள் அவருடைய மகள் இல்லை.

"ஐயா, அது உங்களுக்கு இல்ல" என்று கீழிருந்து ஒருவர் கத்தினார். "அவங்க அந்த வீட்டு அப்பாவக் கூப்பிடுறாங்க."

"மனுஷன் சாவியே இறக்கிட்டாருய்யா" என்று இன்னொரு குரல். சிரித்தார்கள்.

அவர் கயிற்றை மேலே இழுத்துக்கொண்டார். கண் எரிந்தது. இரவு முழுக்க ரொட்டி ஆலையில் பெரிய அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டு வந்த கண். வழக்கமாக இந்த நேரத்துக்கு அவர் இரண்டு தலையணைக்கு நடுவில் தலையைச் செருகிக்கொண்டு அடித்துப் போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருப்பார். இன்று தூங்கக் கூடாது.

அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் அழைப்பு மணி கிடையாது. மாடிப்படிக்குப் போகும் கீழ்க்கதவு எப்போதும் பூட்டியிருக்கும். சாவி மேலே இருக்கும். வருகிறவர்கள் தெருவில் நின்று கூப்பிட வேண்டும். மேலே இருப்பவர்கள் சாவியைப் பையில் போட்டுக் கயிற்றில் இறக்குவார்கள். விருந்தாளிக்கும் அப்படித்தான், தண்ணீர் கொண்டுவருகிறவனுக்கும் அப்படித்தான். யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். அந்தத் தெருவில் காதலித்துக் கல்யாணம் செய்தவர்கள் குறைவு என்று கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர் சொல்வார்.

சினிமாக்காரர்களுக்கு அந்தத் தெரு பிடித்துப்போனதற்குக் காரணம் அது எந்த ஊர் மாதிரியும் இருந்ததுதான். பெயர்ப்பலகையை மாற்றி மாட்டினால் வேறு நாடு. இரண்டு மூட்டை மண்ணைக் கொட்டினால் வேறு காலம். ஒரு படத்தில் அடுப்புக்காரரின் வீட்டு வாசலில் குண்டு வெடித்தது. இன்னொன்றில் அதே வாசலில் யாரோ யாரையோ கட்டிப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். குடியிருப்பவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. தெருவை அடைப்பார்கள், திறப்பார்கள். நடுவில் வேலைக்குப் போகிறவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போக வேண்டும். கீழ்க்கடைத் தையல்காரர் மட்டும் எல்லாக் கூட்டத்திலும் போய் நின்றுவிடுவார்.

"எத்தனையோ படத்துல நடிச்சாச்சு" என்பார். "எல்லாத்துலயும் என் முதுகுதான் வந்திருக்கு. பொண்டாட்டி முதுக வச்சே என்னைக் கண்டுபிடிச்சிடுவா."

அன்று காலை அடுப்புக்காரர் வீடு வந்தபோது மனைவி வேலைக்குக் கிளம்பி, படியில் பாதி இறங்கியிருந்தாள். குழந்தைகள் காப்பகத்தில் சமையல். அவர் வருவதும் அவள் போவதும் ஒரே நேரம். பல வருடங்களாக அவர்களுடைய குடும்பப் பேச்சு அநேகமாக அந்தப் படியில்தான் நடந்தது.

"ஏங்க, அவ இன்னைக்கு வராளாம்."

எவள் என்று அவர் கேட்கவில்லை.

"நேத்து நீங்க வேலைக்குப் போனப்புறம் போன் பண்ணா. மத்தியானமா வரேன்னா. கீழ நின்னு கூப்பிடுவாளாம். சாவி இறங்குச்சுன்னா மேல வருவாளாம். இறங்கலன்னா திரும்பிப் போயிடுவாளாம். அதுக்கப்புறம் நம்மளத் தொந்தரவு பண்ண மாட்டாளாம்."

"தொந்தரவுன்னா சொன்னா?"

"அப்படித்தான் சொன்னா."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். மனைவியைப் பிரிந்த ஒருவர், கையில் ஒரு பெண் குழந்தை. அவரோடுதான் வாழப்போகிறேன் என்று மகள் வந்து நின்றபோது அடுப்புக்காரர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "இனிமே உனக்கு இந்த வீட்டுச் சாவி இறங்காது." சொன்னபோது அது கெட்டிக்காரத்தனமான பேச்சாகத் தோன்றியது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எதையும் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். அந்த வார்த்தையையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு போனாள். அதன்பிறகு ஆலையில் மாவுத்தட்டை உள்ளே தள்ளும் ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தை அவருக்கே திரும்பி வந்தது. அதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. இப்போது அவளே வழி சொல்லியிருக்கிறாள். பேச வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கயிற்றை இறக்கினால் போதும்.

"நீ லீவு போடேன்" என்றார்.

"இன்னொரு சமையக்காரி வரல. அத்தன பிள்ளைங்களுக்கும் நான் ஒருத்திதான். அதோட, நான் சாவி போட்டா அது கணக்கில்லயாம். நீங்கதான் போடணுமாம்." அவள் இரண்டு படி இறங்கித் திரும்பினாள். "தூங்கிடாதீங்க."

"தூங்க மாட்டேன்."

"முந்தாநேத்தும் இதைத்தான் சொன்னீங்க. பால் பொங்கி அடுப்பே அணஞ்சு கெடந்துச்சு."

"அது பாலு. இது பொண்ணு."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

வாசலில் ஒருவர் அண்ணாந்து கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி, நரைத்த தாடி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. உதவி இயக்குநராம். அந்த வயதிலும் உதவிதான். இது என்ன கயிறு என்று கேட்டார். அடுப்புக்காரர் எல்லாவற்றையும் சொன்னார்.

"என்னன்னு சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"ஆளாளுக்கு ஒரு மாதிரி. என் பொண்ணு, 'சாவி போடுப்பா'ன்னு கூப்பிடுவா. 'ப்பா'வக் கொஞ்சம் நீட்டி. ஸ்கூல் விட்டு வரும்போது அந்த முனையிலயே ஆரம்பிச்சிடுவா."

தாடிக்காரர் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நல்லாருக்கே. கதவத் தட்டுற மாதிரிதான் சீன் வச்சிருந்தோம். இது நல்லாருக்கு." அவர் இயக்குநரைத் தேடிக்கொண்டு வேகமாகப் போனார். அடுப்புக்காரர் படியேறி, முகம் கழுவி, பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

அதனால்தான் இப்போது ஒரு நடிகை தெருவில் நின்று அவருடைய மகளின் வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தாடிக்காரர் எதிர்வீட்டுப் பால்கனிக்கு வந்து, தெருவுக்கு மேலாகவே பேசினார். "ஐயா, நீங்க உள்ள போயிடுங்க. ஃபிரேம் ஓரத்துல வர்றீங்க."

"உள்ள போக முடியாது."

"ஏன்?"

"என் பொண்ணு வரா."

"எங்க பொண்ணும்தான் வரா" என்று அவர் தெருவைக் காட்டினார். பிறகு அடுப்புக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "நெசமாவா?"

"உள்ள போனா தூங்கிடுவேன். ராத்திரி வேலை. இங்க உக்காந்திருந்தாத்தான் முழிச்சிருப்பேன்."

தாடிக்காரர் கையிலிருந்த கருவியில் ஏதோ கேட்டார். அது கரகரவென்று பதில் சொன்னது. "சரி, நீங்க இருக்கலாமாம். பின்னாடி ஒரு பெரியவர் இருந்தா நல்லாத்தான் இருக்காம். ஆனா அசையக் கூடாது. தெருவப் பாக்காதீங்க, அந்த முனைப் பக்கம் சுவத்தப் பாருங்க. கூப்பிட்டா திரும்பக் கூடாது. முக்கியமா அதுதான். ரெண்டு அப்பா திரும்பினா படம் பாக்குறவங்களுக்குக் குழம்பிடும். கயித்தையும் உள்ள சுருட்டிக்குங்க."

"அப்ப என் பொண்ணு வந்தா?"

"நாங்க இத்தன பேரு இருக்கோமே, சொல்ல மாட்டோமா? போங்கய்யா."

அடுப்புக்காரர் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தார்.

"சாவி போடுப்பா!"

அவர் உடம்பு தூக்கிப் போட்டது. ஆனால் திரும்பவில்லை. எதிர்வீட்டு நடிகர் நடுங்கும் கையோடு பையை இறக்கினார். பை சுவரில் மோதிச் சுற்றியது. கட். மறுபடி. இந்த முறை காக்கை கத்தியது. மறுபடி. நடிகருக்குத் தும்மல். மறுபடி. பக்கத்துத் தெருவில் யாரோ வண்டியின் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். மறுபடி. எதிர்வீட்டில் சாவி ஒவ்வொரு தடவையும் இறங்கியது.

நடிகை 'சாவி'யில் அழுத்தம் கொடுத்தாள். அதுதான் தப்பு. என் பொண்ணு 'ப்பா'வில்தான் அழுத்துவாள் என்று அவருக்குக் கீழே இறங்கிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அசையக் கூடாதே. வெயில் பால்கனியின் பாதி வரைக்கும் வந்துவிட்டது. அடுப்பின் சூடு வேறு, வெயிலின் சூடு வேறு. அடுப்பின் சூடு ஆளை எழுப்பி நிற்க வைக்கும். இது தாலாட்டியது. அவர் தொடையைக் கிள்ளிக்கொண்டார். நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆலையில் தூக்கம் வந்தால் ஐஸ் தண்ணீரைக் கழுத்தில் ஊற்றிக்கொள்வார்கள். எழுந்து போய்த் தண்ணீர் எடுக்கலாமா என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

"சாவி போடுப்பா."

இந்தத் தடவை சரியாகச் சொல்லிவிட்டாள், கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. கத்தாமல், 'ப்பா'வைக் கொஞ்சம் நீட்டி, கடைசியில் லேசாக விட்டு. இதை எடுத்துக்கொண்டால் முடிந்தது. அவர் தலையை ஆட்டாமல் பார்த்துக்கொண்டார். தன்னால் ஒரு நல்ல ஷாட் கெட்டுப்போகக் கூடாது.

கொஞ்ச நேரம் கழித்து அதே குரல் "அப்பா" என்றது.

இது வசனத்தில் இல்லையே என்று தலையின் ஒரு மூலையில் எங்கோ ஓடியது. புதிதாகச் சேர்த்திருப்பார்கள். அவர் 'கட்' வருவதற்காகக் காத்திருந்தார்.

கட் வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணை மூடியிருக்கலாம். புறாக்களின் சத்தம் கேட்டது. தூரத்தில் தட்டில் கரண்டி படும் சத்தம். திரும்பினார்.

தெருவில் யாரும் இல்லை. கேமராவைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். எதிர்வீட்டுப் பால்கனியில் நடிகர் இல்லை, அவருடைய மீசை மட்டும் கைப்பிடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. தெருவின் மறுமுனையில் பந்தலுக்கு அடியில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் செருப்பில்லாமல் படியிறங்கினார். கீழ்க்கதவின் பூட்டு ஒரு தடவையில் திறக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தின் பக்கம் ஓடினார். தெருமுனையில் கயிறு கட்டி ஒருவன் காவல் நின்றான். சாப்பாடு முடிந்து பின்னால் விசில் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"ஷாட் ரெடி. யாரும் கிராஸ் பண்ணக் கூடாது சார்."

"என் பொண்ணு போறா."

காவல்காரன் எட்டித் தெருவுக்குள் பார்த்தான். "எங்க போறாங்க? அவங்க உள்ளதான் டச்சப் பண்ணிட்டிருக்காங்க."

"அவ இல்லய்யா!"

"ரெண்டு நிமிஷம் சார். கத்தாதீங்க, சவுண்டு எடுக்குறாங்க."

அவனைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். பிறகு பல தடவை அதை யோசித்தார். ஆனால் அந்தத் தெருவில் கயிறு கட்டினால் நிற்பது அவர் உடம்புக்கே பழகிப்போயிருந்தது. நின்றார். கயிறு அவிழ்ந்தபோது நிறுத்தத்தில் ஒரு பழக்கூடைக்காரி மட்டும் உட்கார்ந்திருந்தாள். இப்போதுதான் ஒரு பேருந்து போனது என்றாள்.

திரும்பி வரும்போது தையல்காரர் கடைவாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். படத்துக்காகக் கொடுத்த கட்டம் போட்ட கோட்டு, உள்ளே தன்னுடைய பனியன்.

"உங்க பொண்ணு வந்துச்சே, பாத்தீங்களா?" என்றார்.

"நீங்க பாத்தீங்களா?"

"பந்தல்லேர்ந்து பாத்தேனே. உங்க வாசல்ல நின்னு அண்ணாந்து கூப்பிட்டுச்சு. அட, இதையும் கூட்டத்துல சேத்துட்டாங்களா, சாப்பாட்டு நேரத்துல ஒத்திகை பாக்குதான்னு நெனச்சேன். அதே வசனம்தான பேசுச்சு. நல்லாத்தான் நடிக்குதுன்னு பக்கத்துல கூடச் சொன்னேன்." அடுப்புக்காரரின் முகத்தைப் பார்த்ததும் அவருடைய கை குழாயடியில் நின்றுவிட்டது. "ஏண்ணே?"

தாடிக்காரர் தூரத்திலிருந்து, "ஐயா, அதே இடத்துல உக்காந்துக்குங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார். அடுப்புக்காரர் மேலே போய், சாவிப் பையோடு கயிற்றைப் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் தொங்கவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கீழே யாரோ கயிறு, கயிறு என்று கத்தினார்கள். கொஞ்ச நேரம் கத்திவிட்டு, கேமராவை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மனைவி வந்து தெருவில் நின்று கூப்பிடவில்லை. கயிறு தொங்குவதைப் பார்த்துத் தானே சாவியை எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள். வரும் வழியில் ஏதோ இனிப்பு வாங்கியிருந்தாள். அறைக்குள் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அந்தப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"வரலியா?"

"வந்தா."

அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. பிறகு மகளுக்குப் போன் போட்டு, அவருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"கயித்த மேல சுருட்டி வச்சிருந்தாரும்மா" என்றது மகளின் குரல். "பால்கனியில உக்காந்திருந்தாரு. நல்லா உக்காந்திருந்தாரு, கால் மேல கால் போட்டு. ரெண்டு தடவ கூப்பிட்டேன். தலையக்கூடத் திருப்பல."

"தூங்கிட்டாருடி. காலைலேர்ந்து ஷூட்டிங். திரும்பக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம்."

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. "ஷூட்டிங்கா? நான் கூப்பிட்டப்ப தெருவுல ஒரு ஆள் இல்லயேம்மா."

அந்த ஊரில் யார் வேலைக்குத் தாமதமாக வந்தாலும் ஷூட்டிங் என்பார்கள். வாடகை கொடுக்காதவனும், வரேன் என்று வராதவனும் அதைத்தான் சொல்வார்கள். அடுப்புக்காரரே ஆலையில் சொல்லியிருக்கிறார், பொய்யாகத்தான். மேஸ்திரி நம்பியதில்லை, திட்டியதும் இல்லை. ஒரு வசதிக்காக எல்லாரும் சொல்லி, எல்லாரும் கேட்டுக்கொள்ளும் வார்த்தை.

"வேற ஏதாவது சொல்லச் சொல்லும்மா" என்றாள் மகள். "கோவம் போகலன்னு சொன்னாக்கூடப் பரவால்ல. எங்க கடையில சேல்ஸ்மேன் சொல்றதையே இவரும் சொன்னா எப்படி?"

மனைவி போனை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் அந்த வார்த்தையை அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன், நீ கூப்பிடுற மாதிரியே இருந்துச்சு, நீ கூப்பிட்டப்போ நல்லாக் கூப்பிடுறான்னு நெனச்சேன். இதை எந்த இடத்தில் ஆரம்பிப்பது? எங்கே ஆரம்பித்தாலும் பொய் மாதிரியே வந்தது.

"அப்பா பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு."

"சரி. வைக்கிறேன்மா. புள்ளைக்குப் பாடம் சொல்லணும்."

போன் வெளிச்சம் அணைந்தது. மனைவி இனிப்புப் பொட்டலத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். "அவளுக்குப் பிடிச்சதுன்னு வாங்கினேன்" என்று அலமாரியைப் பார்த்தே சொன்னாள். அவர் வேலைக்குச் சட்டை மாற்றிக்கொண்டார். படியில் இறங்கும்போது அவள் பின்னாலேயே வந்து, மகள் வீட்டுக்கு இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதும், எந்த மாடி என்பதும் சொன்னாள். அவர் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

மறுநாள் படப்பிடிப்பு வேறு தெருவுக்குப் போயிற்று. அடுப்புக்காரர் வேலை முடிந்து வீட்டுக்கு வரவில்லை. ஆலை வாசலிலேயே பேருந்து ஏறி, நடுவில் ஒரு தடவை மாறி, மகள் இருக்கும் பகுதிக்குப் போனார். தூங்கியதில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்தார். கட்டடத்தின் கீழ்க்கதவு திறந்திருந்தது. மூன்றாம் மாடியில் மகளோடு வாழும் அந்த ஆள்தான் கதவைத் திறந்தார். அடுப்புக்காரர் நினைத்து வைத்திருந்ததைவிட வயது குறைவாக இருந்தார். மகள் கடைக்குப் போய்விட்டாள், சாயங்காலம்தான் வருவாள் என்றார். அடுப்புக்காரர் காத்திருக்கிறேன் என்றார். அந்த ஆள் காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம். சின்னப் பெண் இவர் யார் என்று கேட்டாள். அந்த ஆள் பதில் சொல்லத் தயங்கினார். அடுப்புக்காரர், "உங்க வீட்டுக்கு வந்திருக்கேன்" என்றார். நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். வேலைக்கு எப்போது போக வேண்டும் என்று முன்பே கேட்டு வைத்திருந்த அந்த ஆள் நேரத்தோடு எழுப்பினார். மகள் இன்னும் வரவில்லை. கடையில் கூட்டமாம்.

"வந்தா என்ன சொல்லட்டும்?" என்று அந்த ஆள் கேட்டார்.

"வந்திருந்தேன்னு சொல்லுங்க."

"வேற?"

"நாளைக்கும் வரேன்னு சொல்லுங்க."

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. வழியில் ஓர் இடத்தில் படப்பிடிப்புக்காகத் தெருவை அடைத்திருந்ததால் பேருந்து சுற்றிப் போயிற்று. ஆலைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். மேஸ்திரி ஏன் என்று கேட்டார். பஸ் லேட் என்று சொல்லிவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டார்.